செயற்கைப் புல் விரிக்கும் முன்: கடலோர முற்றத்தில் நீர் வடியாமைக்கு அறிகுறி வாரியாகத் தீர்வு

செயற்கைப் புல் விரித்த முற்றத்தில் நீர் தேங்கினால் பழி பெரும்பாலும் விரிப்பின் மீதே விழுகிறது. விரிப்பின் அடிப்பாகத்தில் துளைகள் இருக்கின்றன; கனமழையும் அவற்றின் வழியாகக் கீழே இறங்கிவிடும். இறங்கிய நீர் அதற்கப்பால் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மணிக்கு இத்தனை லிட்டர் வடிக்கும் என்று விற்பனை அட்டையில் அச்சிட்டிருப்பது அந்தத் துளைகளைப் பற்றிய கணக்கே தவிர, கீழே கிடக்கும் மண்ணைப் பற்றியதன்று.

கடலோரத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். கடல்நீரின் ஏற்ற வற்றமான ஓதத்தோடு ஏறி இறங்கும். உப்பு களிமண்ணின் இயல்பையே மாற்றும். காற்று நாள்தோறும் நுண்மணலைக் கொண்டுவந்து கொட்டும். மேலிருந்து விழும் மழைநீர், பக்கத்திலிருந்து வரும் கூரைநீரும் மேட்டுநீரும், கீழிருந்து ஊறும் நிலத்தடி நீர் ஆகிய மூன்றும் முற்றத்தில் ஒரே மாதிரியான குட்டையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. மழைநீரை வாங்குவதற்காகத் தோண்டிய உறிஞ்சுகுழி, நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில் ஊற்றுக்கண்ணாக மாறி முற்றத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிந்துகொண்டு, அதன் பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

வேலைக்கு முன் எடுக்க வேண்டிய மூன்று அளவீடுகள்

முதலாவது வாட்டம், அதாவது தரையின் சரிவு. ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுச் சுவரோரமும் மறுமுனையை முற்றத்தின் கடைசியிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை 1 மீட்டருக்கு ஓரிடம் என்ற கணக்கில் அளந்து, தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். செயற்கைப் புல்லுக்கு 1 மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் இறக்கம் போதுமானது. 6 மீட்டர் நீளமுள்ள முற்றத்தில் 1.5 சென்டிமீட்டர் வாட்டம் என்றால் கடைசியில் 9 சென்டிமீட்டர் தாழ வேண்டும். கண்ணால் பார்த்து மட்டம் சொல்வது இங்கே உதவாது. சுற்றுச்சுவர் சாய்ந்திருந்தாலே கண் ஏமாந்துவிடும்.

இரண்டாவது, மண் நீரை வாங்கும் வேகம். விரிப்புக்கான அடித்தளம் எந்த ஆழத்தில் தொடங்கப் போகிறதோ அந்த மட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள குழி எடுக்க வேண்டும். களிமண்ணில் மண்வெட்டியின் தகடு குழிச்சுவரை மெழுகியது போல் அடைத்துவிடும். ஆகையால் பக்கங்களைக் கத்தி முனையால் கீறிவிட வேண்டும். ஒருமுறை நீர் நிரப்பி முழுவதும் இறங்க விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, அளவுகோலை நட்டு, அரை மணிக்கு ஒருமுறை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று எழுத வேண்டும். முதல் நிரப்பலை அளவாகக் கொள்ளக் கூடாது. காய்ந்த மண் தன் தாகத்துக்குக் குடிப்பதும் தொடர்ந்து வடிப்பதும் வேறு வேறு. மணிக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் மண் நன்றாக வாங்குகிறது. 10 முதல் 25 வரை என்றால் விரிப்புக்கு அடியில் பரப்பும் ஜல்லி அடுக்கில் நீரைச் சற்றுத் தேக்கி வைத்து மெல்ல இறக்கலாம். 10க்குக் கீழே என்றால் மண்ணை நம்பாமல் குழாய் வழியாக வெளியேற்றுவதற்கே திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, நிலத்தடி நீர்மட்டம். கடலோரத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மண் துளைப்பானால் துளையிட்டு, பக்கங்களில் சிறு துளைகள் போட்ட பிவிசி குழாயைத் துணி சுற்றி இறக்கி, மேலே மூடி போட்டுவிட்டால் அதுவே அளவுக் கிணறு. காய்ந்த மரக்குச்சியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து உள்ளே விட்டு எடுத்தால் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். இதை ஒருநாள் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, ஓதம் மிக உயரமாக ஏறும். ஆகையால் குறைந்தது 15 நாள், ஓதம் ஏறிய வேளையிலும் வற்றிய வேளையிலும் அளந்து, அவற்றுள் மிக உயர்ந்த மட்டத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அளக்க முடிந்தால் மிக நல்லது. கோடையில் எடுத்த அளவோடு நிறுத்திக்கொண்டவர்கள் மழைக்காலத்தில் திகைத்து நிற்பார்கள்.

அறிகுறி: மழை விட்டு ஒரு நாள் கழிந்தும் முற்றம் முழுவதும் நீர் நிற்கிறது

நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்க, மேலே மட்டும் நீர் நின்றால், குற்றம் மேல்மண்ணில் இருக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் பொதுவாக உண்டு.

கட்டுமானக் காலத்தில் லாரியும் செங்கல் குவியலும் அழுத்திய மண் என்பது முதல் காரணம். இரும்புக் கம்பியைக் கையால் குத்திப் பார்த்தால் 10 அல்லது 15 சென்டிமீட்டர் வரை பாறைபோல் தடுத்து, அதற்குக் கீழே திடீரென எளிதாக இறங்கும். அந்தக் கெட்டி அடுக்கை உடைத்துக் கிளறி, தேவையான வாட்டத்தோடு மீண்டும் அளவாக இறுக்கினாலே வேலை முடிந்துவிடும். கட்டிட வேலையின்போது சிந்திய சிமென்ட் கலவை தகடுபோல் புதைந்து கிடப்பதும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், தோண்டும்போது வெள்ளைச் சாம்பல் நிறத் தகடு தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இயல்பாகவே களி மிகுந்த மண். இங்கே கிளறுவதால் பயன் குறைவு. களியில் மணலைக் கலந்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கொஞ்சம் மணல் கலந்த களி காய்ந்தால் செங்கல்லைப்போல் இறுகும் என்பதே அனுபவம்.

மூன்றாவதுதான் கடலோரத்துக்கே உரிய காரணம்: சோடியம் ஏறிய களர் மண். கடல்நீர் ஏறிய இடங்களிலும் உவர்க்கிணற்று நீரைப் பல ஆண்டுகள் பாய்ச்சிய இடங்களிலும் சோடியம் களித்துகள்களோடு ஒட்டிக்கொள்கிறது. மண்ணில் உப்பு நிறைய இருக்கும் வரை துகள்கள் திரளாகவே சேர்ந்திருக்கும், நீரும் ஓரளவு இறங்கும். நல்ல மழை பெய்து கரையும் உப்பு கழுவப்பட்டு, சோடியம் மட்டும் துகள்களில் தங்கிவிட்ட பிறகுதான் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிச் சிதறி, மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. கடல்நீர் ஏறிய ஆண்டில் ஒழுங்காக வடிந்த முற்றம் அடுத்தடுத்த மழைக்காலங்களில் குட்டையாவதன் இரகசியம் இதுவே.

இதைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. சுண்டைக்காய் அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ மெல்ல இறக்கி, அசைக்காமல் 2 மணி நேரம் விட வேண்டும். கட்டி வெறுமனே உதிர்ந்து, சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருந்தால் சோடியச் சிக்கல் இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலங்கியது போன்ற மேகம் எழுந்து குவளையின் அடியில் பரவினால் அது களர் மண். கிணற்று நீரில் இதைச் செய்யக் கூடாது. அந்த நீரில் உள்ள உப்பே துகள்களைச் சிதறவிடாமல் பிடித்துக்கொண்டு நல்ல மண் என்று பொய் சொல்லும்.

களர் மண்ணுக்கு ஜிப்சம் மருந்து என்பது உண்மைதான். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. ஆனால் தள்ளப்பட்ட சோடியம் நீரோடு வெளியேறியாக வேண்டும்; வெளியேற வழியில்லாத முற்றத்தில் ஜிப்சம் போட்டுக் காத்திருப்பதில் பொருளில்லை. மேலும் ஜிப்சம் மெதுவாகக் கரைவது, 1 லிட்டர் நீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம்தான் கரையும். செடி வளர்க்கப் போகிறவருக்கு மண்ணைத் திருத்துவது அவசியம். செயற்கைப் புல் விரிக்கப் போகிறவருக்கு மண் வளமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதால், மேல் அடுக்கை 15 சென்டிமீட்டர் எடுத்துவிட்டு, அடிமட்டத்தை வாட்டமாகச் செதுக்கி, கீழே குழாய் பதித்து நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோவதே எளிது என்பது என் முடிவு.

அறிகுறி: மழையே இல்லாத நாளிலும் தரை நசநசக்கிறது, சில வேளைகளில் நீர் கசிந்து எழுகிறது

இந்த அறிகுறி உள்ள முற்றத்தில் அவசரப்பட்டு எதையும் தோண்டிவிடக் கூடாது. இரண்டு சாத்தியங்கள் உண்டு: குழாய்க் கசிவு, ஓதம்.

குழாய்க் கசிவைப் பிரித்தறிவது எளிது. வீட்டின் எல்லாத் திருகுகளையும் மூடிவிட்டு நீர்மானியின் முள்ளைப் பார்த்தால், அசைவு இருந்தால் கசிவு. கழிவுநீர்க் குழாயோ செப்டிக் தொட்டியோ கசிந்தால் மானி காட்டாது. குளியலறைப் பயன்பாடு மிகுந்த காலை வேளைக்குப் பிறகு ஈரம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் தேங்கிய நீரிலும் குழாய் நீரிலும் வைத்துப் பார்க்கலாம். தேங்கிய நீரில் எண் பல மடங்கு கூடியிருந்தால் அது நல்ல குழாய்நீர் மட்டும் அன்று. ஆனால் எண் குறைவாக இருப்பதாலேயே ஓதம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மழைநீர் கனம் குறைந்தது. மணற்பாங்கான கரைகளில் அது உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர் அடுக்காக நிற்கும். கடல் அந்த அடுக்கைக் கீழிருந்து தூக்கும்போது மேலே வந்து கசிவது நன்னீராகவே இருக்கலாம்.

ஓதத்தை உறுதி செய்வது அளவுக் கிணறுதான். பல கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். நிலத்தடி நீர் அதே தாளத்தில், ஆனால் சற்றுப் பிந்தி, குறைந்த உயரத்தில் ஏறி இறங்கும். கரையிலிருந்து உள்ளே போகப் போகப் பிந்துதல் கூடி, ஏற்றம் மங்கிவிடும். ஆகையால் கடலில் நீர் உச்சத்தில் இருக்கும்போது ஒருமுறை அளந்துவிட்டு ஏற்றமில்லை என்று முடிவு செய்யாமல், பகல் முழுவதும் மணிக்கு ஒருமுறை அளந்து எழுதினால் அலைபோன்ற வரிசை எண்களிலேயே தெரியும். கடலின் ஏற்றத்துக்கும் சுவரில் ஏறும் ஈரத்துக்கும் தமிழில் ஓதம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. கடலோர வீட்டில் முன்னது பின்னதற்குக் காரணமாகவும் இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் தோண்டுவதை விட்டு உயர்த்துவதே வழி. ஜல்லி அடுக்கின் அடிமட்டம், அளந்ததில் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டராவது இருக்குமாறு திட்டமிட்டால், ஓதம் ஏறினாலும் அடித்தளம் நீரில் மூழ்காது. உயர்த்துவதற்கு வடியும் மணலையோ ஜல்லியையோ பயன்படுத்த வேண்டும். கிடைத்த களிமண்ணைக் கொட்டி உயர்த்தினால் கீழிருந்த சிக்கல் மேலே வரும். உயர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டுச் சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு 15 சென்டிமீட்டர் கீழேயே புல்லின் மேல்மட்டம் முடிய வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் சுவரோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தாழ்வாக விட்டு, ஜல்லி நிரப்பி, புல்லை அதற்கு வெளியே தொடங்கலாம்.

உறிஞ்சுகுழி இங்கே வேலை செய்யாது. உறிஞ்சுகுழியின் அடிமட்டத்துக்கும் உயர்ந்த நீர்மட்டத்துக்கும் இடையே 1 மீட்டராவது காய்ந்த மண் இருந்தால்தான் அது உறிஞ்சும். சிலர் தொட்டி கட்டி மோட்டார் வைத்து நிலத்தடி நீரையே இறைத்துக்கொண்டிருப்பார்கள். மழைநீரை இறைப்பதற்கு மோட்டார் தகும். நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால் மேலே மிதக்கும் நன்னீர் அடுக்கு மெலிந்து கீழேயுள்ள உப்புநீர் மேலேறும், அக்கம்பக்கத்துக் கிணறுகளும் உவர்த்துப்போகும், இறைப்பும் ஓயாது.

அறிகுறி: ஒரு மூலையில் அல்லது சுவரோரத்தில் மட்டும் நீர்

பெரும்பாலும் கூரைநீர்தான் காரணம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர். அது முழுவதும் 30 சதுர மீட்டர் முற்றத்தில் இறங்கினால், வானத்திலிருந்து நேரே விழுந்த 50 மில்லிமீட்டரோடு கூடுதலாக 100 மில்லிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். எந்த ஜல்லி அடுக்கும் இதைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கூரைக் குழாயைத் துளையில்லாத குழாயோடு இணைத்து முற்றத்தைக் கடந்து வெளியே கொண்டுபோவதை, புல்லுக்கான வேலையில் முதல் வேலையாகச் செய்துவிட வேண்டும். விரித்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் விரிப்பை வெட்டத்தான் வேண்டியிருக்கும்.

கூரைநீர் இல்லையென்றால், அளவுக் கட்டத் தாளைப் பார்க்க வேண்டும். வாட்டம் வீட்டை நோக்கி இருந்தால் மண்ணைத் திருப்பிச் செதுக்குவதே தீர்வு. பக்கத்து மனை உயரமாக இருந்து அங்கிருந்து நீர் வந்தால், அந்த எல்லையை ஒட்டிக் குறுக்கு வடிகால் எடுத்து வழியிலேயே பிடிக்க வேண்டும். அதே முறையில், நம் முற்றத்து நீரை அடுத்தவர் மனைக்குத் தள்ளிவிடுவதும் தவறு. பொது வடிகாலில் இணைப்பதற்கு உள்ளாட்சியின் அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: மணற்பாங்கான தரை, ஆனாலும் மழைநீர் இறங்காமல் வழிந்தோடுகிறது

மணல் என்றால் வடியும் என்று எண்ணி அளவீடு எதுவும் செய்யாமல் விரித்தவர்கள் ஏமாறும் இடம் இது. மழை விட்டதும் ஒரு கை மணலைத் தோண்டினால் மேலே ஈரம், விரற்கடைக் கீழே மாவுபோல் காய்ந்த மணல். இலைதழைகள் மட்கும்போது உண்டாகும் மெழுகு போன்ற பொருள் மணல் துகள்களின் மேல் படிந்து நீரை ஒட்டவிடாமல் செய்கிறது. காய்ந்த மணலில் ஒரு சொட்டு நீர் விட்டு 5 எண்ணுவதற்குள் உறிஞ்சினால் குறையில்லை. முத்துப்போல் உருண்டு நின்றால் இதுவே காரணம். மேலே மட்டுமன்றி 5, 10 சென்டிமீட்டர் ஆழங்களிலும் சொட்டு விட்டுப் பார்த்து, மெழுகுப் படிவு எந்த ஆழம் வரை இருக்கிறது என்று கண்டு, அதுவரை வழித்தெடுத்துவிடலாம். அது பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடும். ஈரமேற்றும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் பயன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். விரிப்புக்கு அடியில் மீண்டும் மீண்டும் தெளிக்க முடியாது.

அறிகுறி: வடிகுழாய் ஏற்கெனவே இருக்கிறது, நீர் மட்டும் போகவில்லை

குழாயின் மேல்முனையில் ஒரு வாளி நீரை ஊற்றி, வெளிவாயில் ஒருவரை நிறுத்திப் பார்க்க வேண்டும். நீர் வரவே இல்லையென்றால் அடைப்பு அல்லது குழாய் நடுவில் தொய்ந்து எதிர்வாட்டமாகிவிட்டது. கலங்கலாக வந்தால் துளைகள் வழியே மண் உள்ளே போகிறது. செந்நிறக் கொழகொழப்பு வந்தால், நிலத்தடி நீரிலுள்ள இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் குழாயில் படிந்திருக்கின்றன; அப்படிப்பட்ட இடத்தில் குழாயைக் கழுவிவிட ஏதுவாக மேல்முனையில் திறப்பு வைப்பது தவிர வேறு நிலையான வழி இல்லை.

வாளி நீர் ஒழுங்காக வந்து, மழைநீர் மட்டும் போகவில்லையென்றால், வெளிவாயை ஓதம் ஏறிய வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். வெளிவாய் நீரில் மூழ்கியிருந்தால் முற்றத்து நீர் வெளியேறாது என்பதோடு வெளிநீர் உள்ளேயும் வரும். ஒருவழி மடல் வால்வு பொருத்தினால் உள்ளே வருவது நிற்கும். மணலும் சிப்பியும் மடலுக்கு இடையே சிக்கி அது அரைகுறையாகத் திறந்து கிடக்கும் என்பதால், கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தி மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். வால்வு மூடியிருக்கும் சில மணி நேரத்துக்கு மழைநீரைத் தேக்கி வைக்க இடம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த இடம்தான் ஜல்லி அடுக்கு.

புதிதாகக் குழாய் பதிப்பதாக இருந்தால், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைக்குழாயை 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டத்தில், துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு, கழுவிய ஜல்லிக்கு நடுவில் வைத்து, ஜல்லி முழுவதையும் வெளியே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் நெய்யாத வடிதுணியால் சுற்றிவிட வேண்டும். துளைகள் மேல்நோக்கி இருந்தால்தான் நீர் உள்ளே விழும் என்று தோன்றும். நீர் அகழியின் அடியிலிருந்து உயர்ந்து வருவதால் கீழ்த்துளைகளே அதை முதலில் வாங்குகின்றன. துணியைக் குழாயின் மேலேயே இறுக்கிச் சுற்றுவதை நான் விரும்புவதில்லை. நுண்மணல் குறுகிய பரப்பில் படிந்து விரைவில் அடைக்கிறது.

அறிகுறி: ஜல்லி பரப்பி முடித்தாகிவிட்டது, மழைக்குப் பின் பள்ளங்கள் விழுகின்றன அல்லது நீர் மேலேயே நிற்கிறது

பள்ளம் விழுந்தால், ஜல்லியின் இடுக்குகளில் கீழ்மணல் ஏறிவிட்டது என்று பொருள். ஈரமான நுண்மணலின் மேல் நேரடியாக ஜல்லி கொட்டினால், மிதிக்க மிதிக்க ஜல்லி புதைந்து மணல் மேலே வரும். இரண்டுக்கும் நடுவே நெய்யாத வடிதுணி இல்லாமல் கடலோரத்தில் அடித்தளம் போடவே கூடாது. களை தடுப்பதற்கென்று விற்கும் நெய்த பிளாஸ்டிக் சாக்குத் துணி இதற்கு மாற்றாகாது. அதன் இழைகளுக்கு நடுவே நுண்மணல் படிந்து, தாளைப்போல் நீரைத் தடுக்கும்.

நீர் மேலே நின்றால், பெரும்பாலும் கிரஷர் தூசு கலந்த ஜல்லியே காரணம். தூசு கலந்தது நன்றாக இறுகும், மேற்பரப்பு கண்ணாடிபோல் வரும், வேலையாட்களுக்கும் எளிது; ஆனால் நீர் இறங்கும் வழி அடைபட்டிருக்கும். தூசு நீக்கிய, ஏறக்குறைய ஒரே அளவுள்ள கடினமான உடைகல் ஜல்லியில் இடுக்குகள் சுமார் 40 சதவீதம் இருக்கும். 15 சென்டிமீட்டர் அடுக்கு 60 மில்லிமீட்டர் மழையைத் தன்னுள் தேக்கும். மண் மணிக்கு 10 மில்லிமீட்டர் வாங்கினால் 6 மணி நேரத்தில் அது காலியாகும். அடித்தளத்தின் தடிமனை இந்தக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும். கிளிஞ்சல் கலந்த ஜல்லியையும் மென்மையான சுண்ணாம்புக்கல்லையும் தவிர்க்க வேண்டும். அவை நொறுங்கித் தூளாகி, ஈரத்தில் மறுபடியும் சாந்துபோல் பிடித்துக்கொள்ளும்.

ஜல்லி பரப்பும்போது ஒரே தடவையில் முழு உயரத்தையும் கொட்டாமல் 7 அல்லது 8 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டுத் திமிசு போட்டு இறுக்கி, மேலே 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குத் தூசில்லாத சிறு சில்லு ஜல்லி பரப்பி மட்டம் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் வாட்டம் வைத்து அடியிலுள்ள மண்ணைத் தட்டையாக விட்டுவிடுவது மிகப் பொதுவான தவறு. ஜல்லிக்குள் இறங்கிய நீர் மேற்பரப்பின் வாட்டத்தைப் பார்த்து ஓடாது, அடிமண்ணின் வாட்டத்தில்தான் ஓடும்.

அறிகுறி: புல் விரித்தாகிவிட்டது, நாற்றம் அடிக்கிறது

நாற்றத்தின் வகையே காரணத்தைச் சொல்லிவிடும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீர்; நன்றாகக் கழுவி வடியவிட்டால் குறையும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அடியில் நீர் தேங்கிக் காற்று நுழையாமல் கிடக்கிறது; கடல்நீரில் மிகுந்துள்ள சல்பேட்டை, காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. மேலே எவ்வளவு மணமூட்டி தெளித்தாலும் இது போகாது. தாழ்ந்த பக்கத்து ஓரத்திலிருந்து விரிப்பைச் சுருட்டி, ஜல்லியைக் கையளவு தோண்டிப் பார்த்தால், அடியில் கரிய சேறு இருக்கும். அந்நிலையில் விரிப்பை முழுவதும் எடுத்துவிட்டு மேலே சொன்ன அளவீடுகளிலிருந்து மீண்டும் தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. விரிப்பைப் பத்திரமாகச் சுருட்டி வைத்தால் அதையே திரும்பப் பயன்படுத்தலாம்.

நாற்றமில்லாமல், விரித்து ஓரிரு ஆண்டுகள் கழித்து மேலே மட்டும் நீர் மெதுவாக இறங்கினால், காற்று கொண்டுவந்த நுண்மணல் துளைகளை அடைத்திருக்கக்கூடும். கடினமான தூரிகையால் எதிர்த்திசையில் வாரி, நல்ல நீரால் அடித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். புல்லிழைகளுக்கு நடுவே தூவும் நிரப்பு மணலுக்குக் கடற்கரை மணலை அள்ளிப் போட்டவர்கள் இந்தச் சிக்கலைத் தாங்களே வரவழைத்துக்கொண்டவர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தூள் சிப்பி துளைகளை அடைக்கும். ஓரங்களைப் பிடிக்கும் ஆணிகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பாணி உப்புக்காற்றில் துருத்து ஜல்லியில் கறை பரப்பும்.

விரிப்பதற்கு முந்தைய நாள்

அடித்தளம் முடிந்ததும் மழைக்குக் காத்திராமல் மழையைத் தானே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். தாழ்ந்த பகுதியில் 1 சதுர மீட்டரைச் சட்டம் போட்டு அடைத்து, 50 லிட்டர் நீரை ஒரே சீராக ஊற்றினால் 50 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மேற்பரப்பில் நீர் நிற்காமல் மறைய வேண்டும். அளவுக் கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது, எத்தனை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை ஓதம் உச்சத்தில் இருக்கும் வேளையிலேயே செய்ய வேண்டும். வற்றிய வேளையில் நன்றாக வடிந்தது என்பது எதையும் நிரூபிக்காது.

அளவுக் கிணற்றை வேலை முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். அதன் மூடியைப் புல்லின் மட்டத்துக்கு வெட்டி, விரிப்பில் வட்டத்துளை போட்டு, ஒரு மூலையில் அப்படியே விட்டுவைத்தால், பின்னால் எப்போது நீர் தேங்கினாலும் அது மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பதைச் சுண்ணம் தேய்த்த குச்சியை இறக்கி ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.